சின்ன மாமியும் மோட்டார் பாட்டும்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். திருப்பதியில் குடியிருப்பவன் என்பதால் நான் எழுதினால் அது திருவேங்கடத்தைப் பற்றியோ ஆழ்வார் பாசுரங்களைப் பற்றியோதான் இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். இதற்கு முன் மூன்று மலர்களில் அப்படித்தான் எழுதினேன். நாலு பேர் படித்துவிட்டு நன்றாக இருந்தது என்றும் சொன்னார்கள். இந்த முறை ஒரு பொப்பிசைப் பாட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் தொலைபேசியில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சார், ஆய்வுக் கட்டுரையாத்தானே இருக்கும்?" என்று கேட்டார் பொறுப்பாளர். இருக்கும் என்று சொல்லிவிட்டேன். நான் செய்த ஒரு தவற்றைத் திருத்திக்கொள்ளத்தான் எழுதுகிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

எங்கள் அப்பா குடியாத்தத்திலிருந்து சித்தூருக்கு வெல்ல மண்டியில் கணக்கு எழுத வந்தவர். நாங்கள் பிறந்ததும் வளர்ந்ததும் சித்தூரில்தான். பள்ளியில் தெலுங்கு, வீட்டில் தமிழ், தெருவில் இரண்டும். இந்த மலரைப் படிக்கும் பெரும்பாலான குடும்பங்களின் கதையும் இதுதான் என்பதால் விரிக்க வேண்டியதில்லை. தமிழ் எங்களுக்குப் புத்தகத்தில் வந்ததைவிடக் காதில் வந்ததே அதிகம். அதிலும் இலங்கை வானொலி. மயில்வாகனனையும் கே.எஸ். ராஜாவையும் அப்துல் ஹமீதையும் கேட்டுத்தான் நல்ல தமிழ் உச்சரிப்பு என்று ஒன்று உண்டு என்பதையே அறிந்தோம்.

1978 வாக்கில் என் அண்ணன் ஒரு டேப் ரிக்கார்டருக்குச் சொந்தக்காரனானான். சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொடுத்தது. வானொலியிலிருந்து பாட்டை அதில் இழுத்துக்கொள்ளக் கம்பி இணைப்பு ஒன்றும் கிடையாது. ரேடியோவின் முன் அதை வைத்து, பட்டனை அழுத்திவிட்டு, வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். யாரும் இருமக் கூடாது. அம்மா தாளிக்கக் கூடாது. அப்படிப் பிடித்த பாட்டுகளில் ஒன்று 'சின்ன மாமியே'. பாட்டின் நடுவில் தெருவில் மோர் விற்கும் அம்மாள் "மஜ்ஜிகா" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போகிறாள். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். மறுபடி அந்தப் பாட்டு எப்போது வருமோ, யாருக்குத் தெரியும்? மோர்க்காரியோடேயே அதை ஆண்டுக்கணக்கில் கேட்டோம். இன்று அதே பாட்டை இணையத்தில் மாசு மருவில்லாமல் கேட்கும்போது அந்த இடத்தில் என் காது அவளுக்காகக் காத்திருக்கிறது.

மாமி என்ற சொல்லால் ஒரு வம்பும் வந்தது. வட ஆர்க்காட்டு வழக்கில் எங்களுக்கு அத்தை உண்டு, மாமி கிடையாது. மாமி என்றால் மாடியில் இருந்த வீட்டுக்கார ஐயர் வீட்டு அம்மாள் ஒருவர்தான். அவருக்கு ஒரு மகளும் இருந்தாள். அண்ணன் சத்தமாக வைத்து நாலைந்து முறை ஓடவிட்டதும் மாமி படியிறங்கி வந்து, "ஏண்டா, என்னையா பாடறே?" என்று கேட்டுவிட்டார். அப்பா கைகூப்பி, இது சிலோன் பாட்டு, அவர்கள் ஊரில் அத்தையைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள் என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. பத்து நாள் கழித்து அதே மாமி மாடியிலிருந்து, "அந்த மாமி பாட்டைக் கொஞ்சம் வையேண்டா" என்றார். அது எப்படி நடந்தது? ஏசலாகக் காதில் விழுந்த ஒரு பாட்டு பத்தே நாளில் எப்படி அவருடைய பாட்டாயிற்று? இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் இக்கட்டுரையின் ஆய்வுப் பகுதி.

முதலில் பாட்டின் உரிமைக்காரரைப் பற்றி. என் வயதினர் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் இதைச் சிலோன் மனோகர் பாட்டு என்பார்கள். ஏ.இ. மனோகரன் 'சுராங்கனி'யால் புகழ்பெற்றவர். தமிழ்ப் படங்களில் நடித்தவர். 2018இல் சென்னையில் காலமானார். 'சின்ன மாமியே'யை எழுதி, மெட்டமைத்து, பாடியவர் நித்தி கனகரத்தினம். யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்காரர். 1960களின் பிற்பகுதியில் அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவராக இருந்த நாட்களில் பிறந்த பாட்டு இது. 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே'யும் அவருடையதே. இசை அவருக்குச் சோறு போட்ட தொழிலன்று. பின்னாளில் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். அவர் பாட்டை அறிந்தவர் லட்சக்கணக்கில் உண்டு. பெயரை அறிந்தவர் ஈழத்தவர் அல்லாத தமிழரிடையே மிகச் சிலர். அட, நானே நாற்பது வயதுக்கு மேல்தான் அறிந்தேன்!

ஈழத்தில் இவ்வகையைப் பொப்பிசை என்றும் துள்ளிசை என்றும் சொல்வார்கள். அதன் அடியில் ஓடுவது பைலா தாளம். ஆடுவதற்கான போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. போர்த்துக்கீசியரும் அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கரும் இலங்கைக் கரையில் விட்டுப்போன ஆறெட்டு அசைவு. ஒரு கிதாரும் தட்டுவதற்கு ஏதாவது ஒரு பெட்டியும் இருந்தால் போதும். அதே காலத்தில் சென்னையில் ஒரு சினிமாப் பாட்டுக்கு வயலின்காரர்கள் மட்டுமே வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைக் கேட்க வேண்டும்.

பாட்டில் நடப்பது இவ்வளவுதான். ஒரு வாலிபன் மாமியிடம் அவளுடைய சின்ன மகள் எங்கே என்று விசாரிக்கிறான். படிக்கப் போயிருக்கிறாள் என்கிறாள் மாமி. ஏன் அனுப்பினாய், ஊர்ப் பையன்களெல்லாம் கண்ணடிக்கிற காலமாயிற்றே என்று அங்கலாய்க்கிறான் அவன். என் பிள்ளை மேலேயா சந்தேகப்படுகிறாய் என்று திருப்பிக் கேட்கிறாள் அவள். மகள் மேடைக்கு வருவதே இல்லை. ஆனால் பாட்டு முழுவதும் அவளைப் பற்றித்தான்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அந்த வாலிபனின் கவலை பொறுப்புள்ள மருமகனின் கவலை போலத் தொனிக்கிறது. உண்மையில் அது பொறாமை. மற்றவர்கள் கண்ணடித்துவிடுவார்களே என்பதுதான் அவன் சங்கடம். தான் எதற்காக மாமி வீட்டு வாசலில் நிற்கிறான் என்பதை அவன் சொல்வதில்லை. மாமிக்கும் நமக்கும் அது தெரியும், அவனுக்கு மட்டும்தான் தெரியவில்லை. சினிமாவாக இருந்தால் மாமியைக் கேலிப் பாத்திரமாக்கி, முகத்தைக் கோணவிட்டு, குரலைக் கீச்சிடவைத்திருப்பார்கள். இங்கே மாமிக்குப் பதில் சொல்லும் உரிமை இருக்கிறது. பெண்பிள்ளை படிக்கப் போவதை நியாயம் என்று சொல்பவளும் அவள்தான். பாடுபவர் ஒரே ஆள்; இரண்டு பேச்சுக்கும் குரலைப் பெரிதாக மாற்றிக்கொள்வதுமில்லை. எங்கள் மாடி மாமிக்குப் பத்து நாளில் பிடித்துப்போனது இதுவாகத்தான் இருக்க வேண்டும். பாட்டில் ஜெயிப்பது மாமி.

இன்னொன்று குரல். பயிற்சி பெற்ற பின்னணிக் குரல் அல்ல. பக்கத்து வீட்டு அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து பாடுவது போன்ற குரல். மெட்டும் ஏழெட்டுச் சுரத்துக்குள் அடங்கிவிடும், யாரும் பாடலாம். 'பெடியள்' என்பது போன்ற யாழ்ப்பாணப் பேச்சுச் சொற்கள் உள்ளபடியே தாளத்தில் வந்து உட்காருகின்றன. பேச்சின் ஏற்ற இறக்கமே மெட்டாகிவிட்டதால் சொல்லை நீட்டவோ நசுக்கவோ அவசியம் நேரவில்லை. அந்தத் தமிழ் எங்கள் தமிழன்று. ஆனால் அது ஒரு வீட்டின் தமிழ் என்பது சித்தூரில் உட்கார்ந்து கேட்ட எங்களுக்குப் புரிந்தது. இன்னொரு வீட்டுக் கதவு திறந்திருந்தது போல. அதுவரை எங்கள் வீட்டுத் தமிழை நாங்கள் பாட்டில் வரக்கூடிய ஒன்றாக நினைத்ததே இல்லை.

இத்தகைய பாட்டுகளைச் சிலர், மோசமாக இருப்பதால்தான் சுவையாக இருக்கிறது என்று ரசிக்கிறார்கள். அதை நான் ஒப்பவில்லை. அது பாடுபவரைப் பார்த்துச் சிரிப்பதேயன்றிப் பாட்டைக் கேட்பதாகாது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் டேனியல் ஜான்ஸ்டன் என்று ஒருவர் இருந்தார். அங்கே வேலையிலிருக்கும் என் அக்கா மகன்தான் அவரை எனக்கு அறிமுகப்படுத்தினான். 1980களின் தொடக்கத்தில் மலிவான டேப் ரிக்கார்டரின் முன் உட்கார்ந்து தானே எழுதித் தானே பாடிப் பதிவு செய்த கேசட்டுகளை வழியில் பார்ப்பவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுப்பாராம். நகலெடுக்க இரண்டாவது இயந்திரம் இல்லாத நாட்களில், இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் முழு கேசட்டையும் முதலிலிருந்து மறுபடி பாடிப் பதிவு செய்வார் என்று சொல்வார்கள். குரல் நடுங்கும், இயந்திரத்தின் இரைச்சல் கேட்கும். 1983இல் வந்த 'ஹாய், ஹௌ ஆர் யூ' அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. மனநோயால் வாழ்நாளெல்லாம் துன்பப்பட்டு 2019இல் இறந்தார். அவருடைய நோயையே வேடிக்கை பார்த்தவர்களும் உண்டு, அது அநியாயம். அக்கா மகன் அனுப்பியதை நான் ஆங்கிலம் பாதி புரியாமலே கேட்டேன். ஒரு ஆள் இன்னொரு ஆளிடம் பேசுகிறான், நடுவில் யாரும் இல்லை என்பது மட்டும் புரிந்தது.

நம் காலத்தில் மதுரைப் பக்கத்து வில்பர் சற்குணராஜ் வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, கூலிங் கிளாஸோடு 'லவ் மேரேஜ்', 'சிக்கன் 65' என்று பாடி 2010 வாக்கில் யூடியூபில் பெயர் பெற்றார். கலகலப்பானவர், எனக்கும் பிடிக்கும். ஆனால் அவருக்குத் தன் வேடிக்கை தெரியும். நம்மைப் பார்த்து லேசாகக் கண்ணடித்துவிட்டுத்தான் பாடுகிறார். நித்தி கனகரத்தினம் கண்ணடிப்பதில்லை. அந்த வேலையை ஊர்ப் பையன்களிடமே விட்டுவிட்டார். அதனால்தான் 'சின்ன மாமியே' ஐம்பது ஆண்டு தாண்டியும் பழசாகவில்லை என்பது என் கட்சி.

வீட்டில் செய்ததெல்லாம் நல்ல பாட்டு என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவை சகிக்காது. மறுபக்கம், 1990களில் திருப்பதி ரயில் நிலையத்தைச் சுற்றியிருந்த கடைகளில் சினிமா மெட்டுக்குக் கோவிந்த நாமம் போட்ட கேசட்டுகள் குவிந்து கிடந்தன. பதிவு சுத்தம், தாளம் சுத்தம். பாடுபவர் எந்த ஊர், எந்த வீடு என்று ஒரு வரியிலும் தெரியாது. அவற்றில் ஒன்றைக்கூட இன்று என்னால் முணுமுணுக்க முடியவில்லை.

திருமலைக்கு அருகில் இருந்துகொண்டு தாளப்பாக்கம் அன்னமாச்சாரியாரைச் சொல்லாமல் போனால் மலர்க் குழுவினர் வருந்துவார்கள். 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர் என்பார்கள். பெருமாளைப் பாடியவர்தான் என்றாலும், ராயலசீமைப் பேச்சுத் தெலுங்கைக் கூசாமல் எடுத்தாண்டவர். தாலாட்டு, உலக்கைப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு என்று பெண்கள் வீட்டில் பாடும் வடிவங்களிலெல்லாம் பாடினார். முப்பத்திரண்டாயிரம் பாடினார் என்பது மரபு. கிடைத்தவை பன்னிரண்டாயிரத்துக்குச் சற்று மேல். செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கோயிலுக்குள் ஒரு சிறு அறையில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த அவை, 1922இல்தான் வெளியுலகின் கவனத்துக்கு வந்தன. இதில் என்னை எப்போதும் உறுத்துவது ஒன்று. செப்பேடுகளில் பாட்டு இருக்கிறது, ராகத்தின் பெயர் இருக்கிறது, மெட்டு இல்லை. இன்று நாம் கேட்கும் மெட்டுகள் மிகப் பெரும்பாலும் பின்வந்த வித்துவான்கள் அமைத்தவை. அவர் எப்படிப் பாடினார், எந்த இடத்தில் குரல் தழுதழுத்தது என்பது போயே போய்விட்டது. செம்பு காப்பாற்றாத ஒன்றை எங்கள் சித்தூர் கேசட் ஒரு மோர்க்காரிக்காகக் காப்பாற்றியிருக்கிறது.

இனி என் தவறு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பொங்கல் விழாவுக்குப் பிள்ளைகளிடமிருந்து நிகழ்ச்சிகள் கேட்டிருந்தோம். சித்தூரிலிருந்து இன்டர் முதலாண்டு சேரவிருந்த ஒரு பையன் தானே எழுதிப் பாடிய ஒரு பாட்டைக் கைபேசியில் பதிவு செய்து அனுப்பினான். மெத்தைப் போர்வைக்குள் புகுந்து பதிந்தானாம். தாளத்துக்குப் பிளாஸ்டிக் வாளி. பாட்டு அவனுடைய அவ்வாவைப் பற்றியது. மாடித் தொட்டி நிரம்புவதை அவ்வா அடுப்படியில் இருந்தபடியே கண்டுபிடித்துவிடுவாள், "டேய், மோட்டார்!" என்று கத்துவாள், இவன் ஓடிப்போய் அணைப்பான். நான் ஹாஸ்டலுக்குப் போய்விட்டால் மோட்டாரை யார் அணைப்பார்கள் அவ்வா என்று கேட்கிறான். அவ்வளவுதான் பாட்டு. போர்வைக்கு வெளியே நிஜமான அவ்வா நிஜமாகவே கத்துகிறாள். "மோட்டார்! நீளெல்லாம் போவுது!" பையன் சிரித்துவிடுகிறான், ஆனால் வாளியை நிறுத்தவில்லை. அடுத்த சரணத்தை அவள் கத்தலின் சுருதியிலேயே எடுக்கிறான்.

குழுவில் மூவர் இருந்தோம். பாட்டை நிராகரித்துக் குறிப்பு எழுதியவன் நான். மொழித் தூய்மை இல்லை, தெலுங்குச் சொற்கள் கலந்துள்ளன, ஒலிப்பதிவு தரமில்லை, பிள்ளைகளுக்கு நல்ல முன்மாதிரியாகாது. நான்கு காரணங்கள், எண் போட்டு. இதை எழுதிய கைதான் பள்ளிச் சுற்றுலா பஸ்ஸில் 'சுராங்கனி'க்குத் தாளம் போட்டது. அந்தப் பாட்டின் அடித்தளமே சிங்களம். மீன் வந்திருக்கிறது என்று சிங்களத்தில் கூவுகிறோம் என்பதுகூடத் தெரியாமல் சித்தூர் முழுதும் பாடினோம். ஒருவரும் தமிழ் கெட்டது என்று சொல்லவில்லை. சிங்களம் கலந்தால் துள்ளல், எங்கள் வீட்டுத் தெலுங்கு கலந்தால் குறை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

இந்தக் கட்டுரைக்காக அந்தப் பாட்டைக் கேட்டு அனுப்பினேன். பையன் உடனே அனுப்பினான். கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. புதிதாகப் பாடியிருக்கிறான். 'நீளு' போய் 'நீர்' ஆகிவிட்டது. ஹாஸ்டல் விடுதியாகிவிட்டது. அவ்வா பாட்டியாகிவிட்டாள். ஏதோ செயலியில் டிரம்ஸ் சேர்த்திருக்கிறான், இரைச்சலை நீக்கியிருக்கிறான். இரைச்சலோடு அவ்வாவும் போய்விட்டாள். ஒரு பிழை இல்லை. என் நான்கு காரணங்களுக்கும் எண் வாரியாகப் பதில் சொல்லியிருந்தான்.

"பழசு இல்லையாப்பா?" என்று போனில் கேட்டேன். "அது நல்லா இல்லைன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க தாத்தா? போன் மாத்தும்போது போயிடுச்சு" என்றான். மரியாதையான பிள்ளை, குற்றம் சாட்டும் தொனியே இல்லை. அதுதான் அதிகம் வலித்தது.

பழையது கிடைத்தது. வேலூரில் இருக்கும் அவன் சித்தியின் வாட்ஸ்அப்பில் இருந்தது. தன் அம்மாவின் குரல் அதில் இருக்கிறது என்பதற்காக அவர் அதை அழிக்கவில்லையாம். பாட்டைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. இப்போது என்னிடமும் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்றைத் தனிப் பென்டிரைவில் போட்டு பீரோவில், எங்கள் பழைய கேசட்டின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். என் குறிப்பை எழுத்து மூலம் திரும்பப் பெற்றுக்கொண்டு, வரும் பொங்கல் விழாவில் பழைய பதிவையே ஒலிபரப்ப வேண்டும் என்று குழுவுக்கு எழுதினேன். பையனிடமும் கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, அவ்வா முன்வரிசையில் உட்காருவதாக இருந்தால் சரி என்றான். ஒருவர் ஆட்சேபித்தார், மற்றவர் சரி என்றார், ஆக நிகழ்ச்சி நிரலில் இடம் கிடைத்துவிட்டது.

ஒலிபெருக்கிக்காரரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன். பாட்டின் நடுவில் ஒரு அம்மாள் மோட்டார், மோட்டார் என்று கத்துவார். பதறிப்போய் எதையும் அணைத்துவிட வேண்டாம்.